நாலில் ஒன்று என்றால் என்ன? பெற்றோரின் மரபணுக் கேள்விகள்

மூத்த பையனுக்குத் தலசீமியா மேஜர், பரம்பரையாக வரும் கடுமையான ரத்தசோகை. மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். அடுத்த குழந்தைக்கும் வர 25 சதவீத வாய்ப்பு என்றார் டாக்டர். நாலில் ஒன்றுதான் வந்துவிட்டதே, இனி வராதுதானே?

நிறையப் பெற்றோர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. "நாலில் ஒன்று" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடும் எங்கள் மருத்துவ ஆட்கள் மேல்தான்.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு உங்களிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று சரி, ஒன்று பழுது. உங்கள் கணவரிடமும் அப்படியே. இருவருக்கும் நோய் இல்லை, ஆனால் பழுதைச் சுமக்கும் கேரியர்கள். ஒவ்வொரு கருவுக்கும் ஆளுக்கொரு பிரதி போகிறது. இரண்டும் பழுதாக விழ 25 சதவீதம், ஒன்று மட்டும் பழுதாக விழ 50, இரண்டும் நல்லதாக விழ 25. தாயம் ஆடியிருப்பீர்கள், போன தடவை என்ன விழுந்தது என்று சோழிக்கு ஞாபகம் இருக்காது. அடுத்த கர்ப்பத்துக்கும் அதே 25தான்.

11–13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் நிலையைப் பார்த்துவிடலாம். அதற்கு உங்கள் இருவரிடமும் உள்ள பிழை எதுவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனவே உங்கள் இருவருக்குமான மரபணுப் பரிசோதனையைக் கருத்தரிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். கர்ப்பமான பிறகு ஓடினால் நாள் போதாது.

அக்கா மகளைக் கட்டியிருக்கிறேன். எங்கள் ரத்த குரூப் வேறு வேறு, அதனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் அக்கா (மாமியாரும் அவரே!).

ரத்த குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நமக்கு ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். குரூப் அதில் ஒன்றிரண்டின் சமாச்சாரம். சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே மரபணு பழுதாக இருக்க வாய்ப்பு கூடும், சிக்கல் அங்கேதான்.

பொதுவாகவே 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் இன்னும் இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் உறவு அதைவிட நெருக்கம், ஆபத்தும் கூடுதல். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. "எங்கள் பாட்டி காலத்திலிருந்தே ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கும் அதுதான் காரணம். குடும்பத்தில் காது கேளாமை, வலிப்பு, சிறுவயதிலேயே இறந்த குழந்தைகள் உண்டா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு மரபணு ஆலோசகரிடம் போங்கள். அந்தத் தாள் அவருக்கு மிகவும் உதவும்.

எனக்கு ஹீமோஃபீலியா, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய். மகனுக்கும் மகளுக்கும் வருமா?

மகனுக்கு உங்களிடமிருந்து வராது; பழுதான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில், அப்பாவாக நீங்கள் அவனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். மகளுக்குப் போவது உங்கள் எக்ஸ், அதனால் அவள் நிச்சயம் கேரியர். "கேரியர்தானே" என்று விட்டுவிடாதீர்கள், சிலருக்கு ரத்தம் உறையும் காரணி குறைவாக இருக்கும். பல் பிடுங்கும் முன், வயதுக்கு வரும் முன், அளவைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் எச்சில் பரிசோதனை செய்தோம். மகனுக்கு ஒரு நோய் வர "இரண்டு மடங்கு ஆபத்து" என்று வந்திருக்கிறது.

எத்தனைக்கு இரண்டு மடங்கு? ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற நோய் என்றால், இப்போது ஆயிரத்தில் இரண்டு. அவ்வளவுதான்.

மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு அந்தப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுப் பிழை இருக்கிறதாம். ஒன்பது வயது மகளுக்கு இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். அவளுக்கு அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் தெரிந்தாலும் இந்த வயதில் செய்வதற்கு எதுவும் இல்லை. கண்காணிப்பே 25 வயதை ஒட்டித்தான் தொடங்கும். பதினெட்டு வயதுக்குப் பிறகு டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். என்ன பிழையைத் தேட வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் லேபுக்குத் தெரியும்.