மின்சாரத்தை முழுக்கச் சந்தையிடம் விட்டுவிட்டால் கட்டணம் குறையாதா?

கேட்டிருப்பது இதுதான்: செல்போன் சேவை மாதிரி போட்டிக்குத் திறந்துவிட்டால் போதாதா, மின் கட்டணத்தை ஏன் ஒரு ஒழுங்குமுறை ஆணையம் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்?

உற்பத்தியில் போட்டி வரலாம், கம்பியில் வராது. ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு வரிசைக் கம்பம் நட்டால் அந்தச் செலவு மொத்தமும் நம் பில்லில்தான் வந்து விழும். அதனால் ஒருவருக்கு மட்டும் உரிமம் கொடுத்து, அவர் கேட்கும் விலைக்கு ஆணையம் கடிவாளம் போடுகிறது.

ஆனால் அந்தக் கடிவாளத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பழைய முறையில் நிறுவனம் செலவுக் கணக்கைக் காட்டும், போட்ட முதலுக்கு இத்தனை சதவீதம் லாபம் என்று சேர்த்துக் கட்டணம் முடிவாகும். முதல் கூடினால் லாபமும் கூடுகிறது இல்லையா, அப்புறம் இருக்கிற துணை மின்நிலையத்தைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக ஒன்று கட்டவே அவர்களுக்கு மனம் வரும். அவெர்ச், ஜான்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1962லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். பிரிட்டன் 1990ல் மின்துறையைத் தனியாருக்கு விட்டபோது வேறு வழியில் போனது: கம்பிக் கட்டணம் பணவீக்கத்தையொட்டி ஒரு வரம்புவரைதான் ஏறலாம், பின்னாளில் அந்தப் பணவீக்கத்திலும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்கு அந்த வரம்பு மாறாது, அதற்குள் சிக்கனம் செய்தால் மிச்சம் நிறுவனத்துக்கு. இதிலும் ஆபத்து உண்டு, பராமரிப்பில் கை வைத்துவிடுவார்கள். அதனால் மின்தடைக்கு அபராதம் மாதிரியான தர விதிகளும் கூடவே வேண்டும்.

சரி, உற்பத்திப் பக்கத்தையாவது அப்படியே விட்டுவிடலாமா? கலிஃபோர்னியாவைப் பாருங்கள். 1998ல் மொத்த விற்பனைச் சந்தையைத் திறந்தார்கள், ஆனால் பெரும்பாலான வீடுகளின் கட்டணத்தை உறைய வைத்தார்கள், விநியோக நிறுவனங்கள் நீண்டகால ஒப்பந்தம் போடவும் பெரிய அளவில் வழியில்லை, அன்றன்றைய விலைக்கே வாங்க வேண்டிய கட்டாயம். 2000 கோடையில் விலை ஏறியது, என்ரான் போன்ற வர்த்தகர்கள் சந்தையை வளைத்தார்கள், அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்ற பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் என்ற விநியோக நிறுவனம் 2001 ஏப்ரலில் திவால் மனு போட்டது. அதே மாநிலத்தின் சான் டியாகோ பகுதியில் மட்டும் அந்தக் கட்டண உறைவு முன்பே விலகியிருந்தது, அங்கே அதே கோடையில் வீட்டு பில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. கடைசியில் ஜூன் 2001ல் அமெரிக்கக் கூட்டாட்சி எரிசக்தி ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் விலை வரம்பு போட்ட பிறகுதான் அடங்கியது.

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினம் என்பதால், தட்டுப்பாடான ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு நிலையத்தை நிறுத்தினாலும் விலையை ஆட்ட முடியும். திறந்த சந்தைக்கு ஆணையத்தின் கண்காணிப்பு குறைவாக அல்ல, கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.