விசிட்டில் வரச் சொல்லும் ஏஜெண்டை நம்பி மகனை அனுப்பாதீர்கள்

அண்ணே, வணக்கம். மகன் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டான், நீங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் இருக்கும்போதே அவனையும் இங்கே சேர்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வேலை பெர்மிட் இன்னும் எத்தனை வருஷம் ஓடுமோ என்ற கவலைதான் இந்த அவசரத்துக்குக் காரணம் என்று புரிகிறது. ஆனால் "விசிட்டில் (சுற்றுலாப் பயணியாக) வரட்டும், வந்தபிறகு பெர்மிட் போட்டுக்கலாம்" என்கிறாரே ஏஜெண்டு, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். அது ஊர் பார்க்கவும் சொந்தபந்தம் பார்க்கவும்தான். அதில் வந்து ஒரு நாள் கடையில் மேசை துடைத்தாலும் குற்றம். நாள் தாண்டித் தங்கினால் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பாயும்: குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். மாட்டுவது பையன்தான்.

சரி, முறையாக பி.எல்.கே.எஸ். (வெளிநாட்டுத் தொழிலாளருக்கான தற்காலிக வேலை பாஸ்) பெர்மிட்டிலேயே வந்தால்? அந்த வாழ்க்கை உங்களுக்கே தெரியும். நினைத்தபடி முதலாளியை மாற்ற முடியாது, குடும்பத்தைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. அவன் படித்த படிப்புக்கும் அதில் மதிப்பில்லை. படிப்புக்கு ஏற்றது எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது படித்த, திறன்மிக்க வேலைக்காரர்களுக்கான பாஸ். அதற்கு டிப்ளமாக்காரர் பொதுவாக 5 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும், பட்டதாரிக்கு 3 ஆண்டு. இப்போதுதான் படிப்பை முடித்தவனுக்கு அது கிடைக்காது.

அதனால் அந்த அனுபவத்தைச் சேர்க்க அவன் ஓசூரிலோ ஒரகடத்திலோ ஒரு தொழிற்சாலையில் சேரட்டும். சி.என்.சி., மெயின்டனன்ஸ் எதுவானாலும் ஒரே துறையில் நிலைத்து நிற்கட்டும். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு: மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அனுபவச் சான்றிதழில் இரண்டுமே இருக்காது. எல்லாத் தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரும்படி இப்போதே பார்த்துக்கொள்ளட்டும். பிறகு மலேசியாவில் பினாங்கு பாயான் லெபாஸ் ஆலைகளுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

இன்னொன்று. பத்தாவது தேறியவன் என்பதால் அவனுக்கு ஈ.சி.என்.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படாத) பாஸ்போர்ட்தான் கிடைக்கும். ஆகவே சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் அவன் வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்க்காது. மோசடி ஏஜெண்டுகளுக்கு இது ரொம்ப வசதி. நீங்களே இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜெண்டின் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

பையன் பிடிவாதமாக பி.எல்.கே.எஸ்.ஸில்தான் வருவேன் என்றால், வி.டி.ஆர். (மலேசியக் குடிநுழைவுத் துறை ஒப்புதலோடு வரும் வேலை விசா) கைக்கு வராமல் விமானம் ஏறக் கூடாது. லெவி (வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டும் கட்டணம்) முதலாளி கட்ட வேண்டியது, அதைச் சம்பளத்தில் பிடிக்க விடாதீர்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்கவும் கூடாது.

ஏஜெண்டு கொடுத்த தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.