மெஷினை விட்டு எழுந்திருங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல வருடங்களாக டெய்லர். நான்கு மாதங்களுக்கு முன் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆண் டெய்லர்கள் என் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. எதற்கும் மேனேஜரிடம் போய் நிற்கிறார்கள். பிளாட்லாக் மெஷினில் (மடிப்புத் தையல் போடுவது) பீஸ் தேங்கினால் நானே உட்கார்ந்து தைத்துவிடுகிறேன். மூத்த டெய்லர் ஒருவர் எல்லோர் முன்னாலும் ‘ஏ புள்ள’ என்கிறார். கத்தினால்தான் மதிப்பார்களா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கத்தினால் தொண்டைதான் கட்டும். பீஸ் தேங்கினால் நீங்களே உட்கார்ந்து தைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். நீங்கள் தைக்கிற அந்த ஒரு மணி நேரம் லைனைப் பார்க்க ஆளில்லை. ஓவர்லாக் மெஷினில் (ஓரம் சேர்த்துத் தைப்பது) வேலை முன்னே ஓடுகிறதென்றால், அங்கே பிளாட்லாக் தெரிந்த ஒருவரை எழுப்பி இங்கே உட்கார வையுங்கள். முணுமுணுப்பார். பீஸ் ரேட் ஆளாக, அதாவது தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவராக இருந்தால் அந்த முணுமுணுப்பு நியாயமும்கூட. இடம் மாறுவதால் அவர் கூலி குறையாமலிருக்க வழி என்ன என்று மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். மணிக்கு மணி எத்தனை பீஸ் இறங்கியது, எத்தனை திருத்தத்துக்குத் திரும்பியது, மெஷின் ஏன் நின்றது. ‘11 முதல் 12 வரை காலர் வரவில்லை, 40 பீஸ் குறைவு’ என்று எழுதிக் காட்டுகிறவரிடம் எந்த மேனேஜரும் சத்தம் போடத் தயங்குவார்.

டெய்லர்கள் மேனேஜரிடம் போவது, அவர் பதில் சொல்வதால்தான். மேனேஜரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்: “சார், லீவு கேட்டு வந்தாலும் மெஷின் மாற்றக் கேட்டு வந்தாலும் என்னிடமே திருப்பி அனுப்புங்கள். என் முடிவு தப்பென்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.” இதற்கு அவர் ஒப்பாதவரை வேறு எதுவும் பலிக்காது.

மூத்தவர் விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம். டீ நேரத்தில், “அண்ணா, வெளியில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், லைனில் பேர் சொல்லுங்கள்” என்றால் பெரும்பாலும் போதும். ஆனால் யாராவது ஆபாசமாகப் பேசினால் பொறுக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! பீஸ் ரேட்டிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்தால் சிலருக்குக் கையில் வருவது குறைந்தேவிடும். உங்களுக்கு முன் அந்த லைனைப் பார்த்தவர் என்ன வாங்கினார் என்று விசாரியுங்கள். குறைவென்றால், நோட்டோடு போய்க் கேளுங்கள், தீபாவளி போனஸ் பேச்சு தொடங்கும் முன்பே.