குளுக்கோமா ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை இன்னும் மங்கினால் ஆபரேஷன் தோல்வியா?

அப்பாவுக்கு டிராபெகுலெக்டமி (குளுக்கோமாவில் கண் பிரஷரைக் குறைக்கச் செய்யும் ஆபரேஷன்) செய்து ஒரு வாரம் ஆகிறது, முன்பைவிட மங்கலாகத் தெரிகிறது என்கிறார், கண்ணைக் கெடுத்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா சொன்னார்.

நாங்கள் கேரளத்து இடுக்கி மலையில் வண்டன்மேடு பக்கம். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். அவருக்கும் இதே ஆபரேஷன்தான், முடிந்த சில நாளில் "பனி மூட்டமா இருக்கு" என்றார். ரிவியூவில், ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வெளியே கசிகிறதா என்று மஞ்சள் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தார்கள். கசிவு இல்லை. ஆனால் கண் பிரஷர் 4. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டும். பிரஷரைக் குறைக்கத்தானே ஆபரேஷன், குறைந்தால் நல்லதுதானே என்று பெரியப்பா கேட்டார். அப்படி இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் சின்ன மடை ஒன்றைத் திறந்து, உள்ளே இருக்கும் நீரை மேல் இமைக்கு அடியில் வடியவிடுகிறார்கள். அதிகமாக வடிந்தால் விழித்திரைக்குப் பின்னால் நீர் கோத்துப் பார்வை மங்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். வடியாமல் அடைத்துக்கொண்டால் பிரஷர் மறுபடி ஏறும், அப்போது லேசரில் தையலைத் தளர்த்துவார்கள். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, நேரத்துக்குப் போனால்.

கண்மணியை விரிக்கும் அட்ரோபின் சொட்டும் ஸ்டீராய்டு சொட்டும் எழுதினார்கள். அட்ரோபின் விட்டாலே பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டை நாமாக நிறுத்தினால் மடை தழும்பாகி மூடிக்கொள்ளலாம். பழைய பிரஷர் சொட்டை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு நிறுத்தச் சொன்னார்கள், மற்றக் கண்ணுக்குத் தொடரச் சொன்னார்கள். பல வீடுகளில் குழப்பம் இங்கேதான் வருகிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு நிற நூல் கட்டினேன். பழைய சொட்டுக்குக் கறுப்பு நூல், அது ஆபரேஷன் செய்யாத இடது கண்ணுக்கு மட்டும். நான் வேலைக்குப் போன நேரத்திலும் அம்மா ஒரு வேளை தவறவிடவில்லை.

காய் எடுப்புக்குப் போகவே கூடாது என்று நின்றேன். ஏலக்காய்ச் சரம் செடியின் அடியில் படர்ந்திருக்கும், நாள் முழுக்கக் குனிய வேண்டும். பிரஷர் இவ்வளவு இறங்கிய கண்ணோடு குனிந்தாலோ, பாரம் தூக்கினாலோ, மலச்சிக்கலில் முக்கினாலோகூட உள்ளே ரத்தம் கசியலாம். சம்பளத்தை யோசிக்காமல் பேசுகிறேன் என்பவர்களுக்கு: எங்கள் வீட்டுக்கும் அந்தக் கூலி தேவைதான். கண் அதைவிடத் தேவை.

கோபமான விஷயம் ஒன்று. நாங்கள் ரிவியூவுக்கு இறங்கியது கார்த்திகை மாதம். சீசனில் சபரிமலை வண்டிகளை, நாங்கள் தமிழ்நாட்டுக் கம்பத்துக்கு இறங்கும் கம்பம்மெட்டு மலைப்பாதையில் திருப்பிவிடுவார்கள். ஐயப்பனுக்கு மாலை போடும் குடும்பம்தான் நாங்களும், பக்தர்களைச் சொல்லவில்லை. ஆனால் மலைமேல் எங்களைப் போன்ற பலருக்குக் கம்பத்தில்தான் ஆஸ்பத்திரி, அங்கேதான் சந்தை. கண்ணில் கவசம் கட்டிய கிழவியோடு கொண்டை ஊசி வளைவில் ஜீப் நகராமல் நிற்கிறது, வழிவிடச் சொல்ல ஒரு ஆள் இல்லை. வருஷாவருஷம் இதேதான்.

சரி, உங்கள் அப்பா விஷயம். நான் டாக்டர் இல்லை, ஒரு நோயாளியின் மகள். மங்கல் எதனால் என்று பிரஷர் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ரிவியூ தேதிவரை காத்திருக்காமல் நாளைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கண் சிவந்து வலித்தாலோ பீளை தள்ளினாலோ நாளைவரைகூட வேண்டாம், இன்றே. அந்த மடைக்கு மேல் இருப்பது மெல்லிய தோல்தான், வருஷங்கள் கழித்தும் கிருமி உள்ளே போகலாம்.

அம்மாவுக்குச் சில வாரங்களில் நீர் வற்றி, பிரஷர் 11-க்கு வந்தது. குளுக்கோமாவில் முன்பே போன பார்வை திரும்பாது, அதை எதிர்பார்க்கவும் இல்லை. மிச்சம் இருந்தது இருக்கிறது. தோட்டத்தில் இப்போது காய் தரம் பிரிக்கும் வேலை, உட்கார்ந்தபடி.