ஃபாரஸ்ட் ரசிகர்களைப் பார்த்து ஏன் 'கருங்காலி' என்கிறார்கள்? கேள்வி பதில்

இங்கிலாந்தில் சுரங்க ஊரான செஸ்டர்ஃபீல்டில் பல வருடம் இருந்தவன், ஞாயிறு ஞாயிறாக அங்கே பழைய சுரங்கத் தொழிலாளிகளோடு உட்கார்ந்து கதை கேட்டவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: டிவியில் இங்கிலாந்துக் கால்பந்து அணியான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டம் பார்த்தேன். எதிரணி ரசிகர்கள் 'ஸ்காப், ஸ்காப்' என்று கத்தினார்கள். என்ன அர்த்தம்?

நம் தொழிற்சங்கத்துக்காரர்கள் சொல்லும் கருங்காலிதான். ஸ்ட்ரைக் நடக்கும்போது உள்ளே போய் வேலை பார்த்தவன்.

1984 மார்ச் மாதத் தொடக்கத்தில் யார்க்‌ஷயரில் கார்ட்டன்வுட் என்ற நிலக்கரிச் சுரங்கத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். சில நாட்களிலேயே 20 சுரங்கங்கள், 20,000 வேலைகள் என்று கணக்கு வெளியே வந்தது. ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலான சங்கம் ஸ்ட்ரைக்கில் இறங்கியது. யார்க்‌ஷயர், ஸ்காட்லாந்து, சவுத் வேல்ஸ், கென்ட் எல்லாம் நின்றன. ஆனால் நாட்டிங்ஹாம்‌ஷயரில் சுமார் 30,000 தொழிலாளிகளில் பெரும்பாலானோர் வேலைக்குப் போனார்கள். ஸ்ட்ரைக் நடந்த இடங்களில் ஒரு வருடம் சம்பளமில்லாமல், பொதுச் சமையலில் சாப்பிட்டுக் கிடந்தார்கள். 1985 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம்கூட இல்லாமல் திரும்பிப் போனார்கள். நாட்டிங்ஹாம்ஷயர் அணிகளான ஃபாரஸ்ட், மான்ஸ்ஃபீல்டு ரசிகர்களைப் பார்த்து, ஸ்ட்ரைக்கில் நின்ற ஊர்களான பார்ன்ஸ்லியும் ஷெஃபீல்டும் செஸ்டர்ஃபீல்டும் கத்துவது இதற்காகத்தான்.

கோவையிலிருந்து: எங்கப்பா மில் சங்கத்தில் இருந்தவர். தேசிய அளவில் ஓட்டெடுப்பே வைக்காமல் ஸ்ட்ரைக் என்றால் அது தலைமையின் தப்பு. பழி மட்டும் நாட்டிங்ஹாம்காரனுக்கா?

உங்கள் அப்பா கேட்டிருக்கக்கூடிய கேள்வி. நாட்டிங்ஹாம்‌ஷயரில் மாவட்ட அளவில் ஓட்டெடுப்பு நடந்தது. நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் ஸ்ட்ரைக் வேண்டாம் என்றார்கள். 'எங்களிடம் கேட்டார்கள், பதில் சொன்னோம்' என்பதுதான் இன்றுவரை அவர்கள் வாதம். பணமும் இருந்தது. அங்கே நிலக்கரிப் படிவம் தடிமன், இயந்திரம் தடையில்லாமல் ஓடும். 70-களின் கடைசியில் வட்டாரவாரியாக உற்பத்தி போனஸ் வந்ததும் அவர்கள் கையில் கூடுதல் சம்பளம். தங்கள் சுரங்கத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பினார்கள்.

காயம் அதைவிடப் பழையது. 1926 ஸ்ட்ரைக்கிலும் இதே மாவட்டத்தில் ஜார்ஜ் ஸ்பென்சர் என்பவர் முதலாளிகளோடு தனியாகப் பேசி, தனிச் சங்கம் கண்டார். 1937-ல்தான் அது மறுபடி தாய்ச் சங்கத்தோடு சேர்ந்தது. 1985 கடைசியில் அங்கே இன்னொரு தனிச் சங்கம் முளைத்தபோது, யார்க்‌ஷயர்க் கிழவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் ஸ்பென்சர்.

சென்னையிலிருந்து: கோவைக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறியல் கோட்டைத் தாண்டினவன் கருங்காலிதான்.

அந்த ஊரில் எனக்குப் பழக்கமான எல்லாரும் உங்கள் கட்சி. நானும் மனதளவில் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நாட்டிங்ஹாம்‌ஷயரிலேயே ஒரு சிறுபான்மை கடைசி நாள்வரை வேலைக்குப் போகவில்லை. யார்க்‌ஷயரில் தெருவே உங்களோடு நிற்கும். நாட்டிங்ஹாம்ஷயரிலோ பக்கத்து வீட்டுக்காரன் காலையில் டிபன் டப்பாவோடு பஸ் ஏறுவான், நீங்கள் ஜன்னலில் நின்று பார்ப்பீர்கள். கேலரியிலிருந்து வரும் அந்தச் சத்தம் வேலைக்குப் போகாத இவர்கள் பிள்ளைகள் மேலும் விழுகிறது.

கோவையிலிருந்து மறுபடி: அப்படியென்றால் கத்துவது தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

வேடிக்கைக்குக் கத்துவது தப்பு என்கிறேன். ஒரு டெர்பி ஆட்டத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர் அணிகள் மோதும் ஆட்டத்தில், மான்ஸ்ஃபீல்டு செஸ்டர்ஃபீல்டுக்கு வந்திருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர்தான். என் பக்கத்தில் எழுபது வயதுக்காரர். அவர் புறங்கையில் நீலக் கோடுகள். வெட்டுக்காயத்தில் கரித்தூள் புகுந்து ஆறினால் தோலுக்கடியில் அப்படியே நீலமாக நின்றுவிடும். கேலரி முழுக்க அந்தச் சொல் எழுந்தபோது அவர் வாயே திறக்கவில்லை, தொப்பியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இடைவேளையில் கேட்டேன். அண்ணனும் தானும் அந்த வருடத்திலிருந்து பேசுவதில்லை என்றார். அண்ணன் மான்ஸ்ஃபீல்டில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே சுரங்கத்தில் இருந்தவராம்.

வேலைக்குப் போனவர்களுக்கும் நல்லது நடக்கவில்லை. 1992-ல் அரசு ஒரே அறிவிப்பில் 31 சுரங்கங்களை மூடப்போகிறோம் என்றது. அந்தப் பட்டியலில் நாட்டிங்ஹாம்‌ஷயரும் இருந்தது. அங்கே கடைசியாக இருந்த தோர்ஸ்பி 2015-ல் மூடியது.

மதுரையிலிருந்து: லண்டன் அணிகளான மில்வால், வெஸ்ட் ஹாம் பகையும் 1926 ஸ்ட்ரைக்கில் பிறந்ததுதானே?

இல்லை. இரண்டு அணியும் முதலில் மோதியது 1899-ல். 1906 ஆட்டத்திலேயே அடிதடி. 1926-க்கு முன்பே இருந்த பகை 1926-ல் எப்படிப் பிறக்கும்?

சேலத்திலிருந்து: மில்வால் ஆட்கள் அந்த ஸ்ட்ரைக்கில்...

மேலே பதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து: மைதானத்துப் பாட்டு மறியலுக்குப் போனதும் உண்டா?

அருமையான கேள்வி. 'ஹியர் வீ கோ' என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுவது கேலரிப் பழக்கம். மெட்டு சூசா என்ற அமெரிக்கரின் ராணுவ அணிவகுப்பு இசை. 1984-ல் மறியல்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வரிசைக்கு முன்னால் நின்று பாட, எல்லோருக்கும் மனப்பாடமான வேறு பாட்டு எது? சனிக்கிழமை கேலரியில் நின்ற அதே தொண்டைகள்தான் திங்கட்கிழமை சுரங்க வாசலில் நின்றன. அதனால்தான் ஸ்ட்ரைக் முடிந்ததும் 'ஸ்காப்' கேலரிக்கு வந்து தங்கியது.

ஈரோட்டிலிருந்து: ஆட்டக்காரர்கள் யாராவது தொழிலாளிகள் பக்கம் நின்றார்களா?

1997 மார்ச்சில் லிவர்பூலின் ராபி ஃபவுலர் கோல் போட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, வேலை பறிபோன 500 லிவர்பூல் துறைமுகத் தொழிலாளிகளை ஆதரிக்கும் டி-ஷர்ட். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அபராதம் போட்டது.

தஞ்சாவூரிலிருந்து: 1984-ல் ஃபாரஸ்ட் பயிற்சியாளர் பிரையன் க்ளஃப் எந்தப் பக்கம்?

ஸ்ட்ரைக் செய்தவர்கள் பக்கம், வெளிப்படையாக.

சிங்கப்பூரிலிருந்து: அடுத்த மாதம் இங்கிலாந்து போகிறேன். ஷெஃபீல்டு கேலரியில் நின்று நானும் கூடச் சேர்ந்து கத்தலாமா?

வேண்டாம். இதை மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள், மூவருக்கும் இதே பதில்தான். கோலுக்குக் கத்துங்கள், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வேக்ஃபீல்டு பக்கத்தில் நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது, 140 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிவிடுவார்கள். வழிகாட்டிகள் பழைய சுரங்கத் தொழிலாளிகள். 1984-ல் எங்கே இருந்தீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.