வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையா? கேள்வி பதில்

வணக்கம். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, அல்லது ஏறவே இல்லை என்ற புகாருக்கு மட்டும் இன்று பதில் சொல்கிறேன்.

கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிட்டு வாருங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள், மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் உள்ளே போகும் இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் நுனியை மெஷினில் மாட்டியிருந்த அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு, குழாயை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் பக்கெட்டில் தண்ணீர் பிடியுங்கள். 8 லிட்டருக்கு மேல் வந்தால் வீட்டுக் குழாய் லைனில் குறை இல்லை, மெஷினைப் பார்க்கலாம். 5 லிட்டருக்குக் கீழே என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம், லைனைப் பாருங்கள். இந்த அளவு என் அனுபவத்தில் நான் வைத்துக்கொண்டது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல்தான் பலர், தண்ணீரைத் திறந்து மூடும் நல்ல வால்வையும், மெஷினை இயக்கும் நல்ல எலக்ட்ரானிக் போர்டையும் மாற்றிப் பணத்தை இழக்கிறார்கள்.

சேலம்: சார், டாப் லோடு மெஷின். ‘ஐஇ’ என்று காட்டி நின்றுவிடுகிறது. பக்கெட்டில் 11 லிட்டர் வந்தது. பார்க்க வந்தவர் போர்டு போய்விட்டது என்கிறார்.

‘ஐஇ’ என்பது எல்ஜி மெஷினில், குறித்த நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் வரவில்லை என்பதற்கான குறியீடு. சாம்சங்கில் இதே சேதி ‘4சி’, பழைய மாடல்களில் ‘4இ’. போர்டு கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சொல்லப்போனால் போர்டு ஒழுங்காக வேலை செய்வதால்தான் உங்களுக்கு அந்த எழுத்து தெரிகிறது.

உங்களுக்கு 11 லிட்டர் வருவதால் முதல் சந்தேகம் வலைமேல். ஹோஸ் கழற்றிய இடத்தில், மெஷினின் வாய்க்குள் விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். மூக்குக் குறடால் அதன் நடுக் காம்பைப் பிடித்து நேராக இழுங்கள். மண், துரு, குழாய் மாட்டியவர் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கு எல்லாம் அதில் அப்பிக் கிடக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவையுங்கள். சில ஹோஸ்களில் குழாய்ப் பக்கத்து முனையிலும் இன்னொரு வலை உண்டு, அதையும் பாருங்கள்.

கழுவிய வலையைத் திரும்ப மாட்டுங்கள். ‘இது இல்லாவிட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக வருமே’ என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். வலை இல்லாவிட்டால் மணல் நேராக வால்வுக்குள் போய் உட்காரும், வால்வு மூடாது. நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் மெஷின் நிறைந்து வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

சென்னை, மூன்றாவது மாடி: தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறுகிறது. பக்கெட்டில் 4 லிட்டர். கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் தலைக்கு மேல்தான் டேங்க்!

தலைக்கு மேலேயே இருப்பதுதான் உங்கள் பிரச்சினை. தண்ணீரின் அழுத்தம் உயரத்தால் வருகிறது. 10 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). 33 அடிக்கு 1 பார். உங்கள் வீட்டுத் தளத்திலிருந்து மொட்டை மாடி 10 அடி. மெஷினின் வாய் 3 அடி உயரத்தில் இருக்கிறது, அதைக் கழித்தால் 7 அடி. டேங்க் மேடை 3 அடி என்றால் மொத்தம் 10 அடிதான். டேங்கில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அதை மேலே கூட்டிக்கொள்ளலாம், ஆனால் டேங்க் குறையக் குறைய அதுவும் போய்விடும். மெஷின் கையேட்டைப் புரட்டுங்கள். குறைந்தபட்ச அழுத்தம் 0.3 அல்லது 0.5 பார் என்று போட்டிருக்கும். நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். கீழ் வீட்டுக்காரருக்கு மேலும் ஒரு மாடி உயரமாவது கிடைக்கிறது.

அழுத்தம் குறைந்தால் வேகம் மட்டும் குறைவதில்லை. மெஷினின் வால்வு தண்ணீரின் உதவியோடு திறக்கிற வால்வு. மின்சாரம் உள்ளே ஒரு சிறு ஊசித் துளையைத்தான் திறக்கிறது. பெரிய ரப்பர் தட்டைத் தூக்குவது லைனில் வரும் தண்ணீரின் தள்ளல். அந்தத் தள்ளல் போதாதபோது தட்டு அரைகுறையாக எழும்பும். மூடும்போதும் அதே கதைதான், அழுத்தி மூட வலு இருக்காது. மெஷின் ஓடாத நேரத்திலும் டப்பில் தண்ணீர் கசிகிறது என்று சொல்கிறவர்களில் பலர் மேல்மாடிக்காரர்கள்.

செய்ய வேண்டியது: முதலில் மொட்டை மாடியில் உங்கள் லைனைத் திறந்து மூடும் கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் டேங்கிலிருந்து மெஷினுக்கு மட்டும் தனி லைன். அதற்கும் போதாவிட்டால் டேங்க் மேடையை உயர்த்துங்கள், அல்லது சின்ன பிரஷர் பம்ப் வையுங்கள். பம்பை டேங்கிலிருந்து வரும் லைனில்தான் வைக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது தடை செய்யப்பட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பிடுங்குகிற வேலை அது, லைனில் விரிசல் இருந்தால் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்.

திருச்சி: மேலே சொன்ன அதே நிலைமைதான் எங்களுக்கும். 500 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு 1000 லிட்டர் வைத்தால் அழுத்தம் கூடும் என்று பிளம்பர் சொல்கிறார். வைக்கலாமா?

வேண்டாம். கொள்ளளவு கூடுவதால் அழுத்தம் கூடாது. உயரம் மட்டும்தான் கணக்கு.

கோவை: பைப் வேலை பல வருஷமாகச் செய்கிறேன். உயரம் மட்டும்தான் என்பது தப்பு. அரை அங்குல லைனை எடுத்து முக்கால் அங்குலம் போட்ட வீடுகளில் மெஷின் சரியாகியிருக்கிறது. டேங்க் ஓர் அங்குலம்கூட உயரவில்லை.

நீங்கள் கண்ணால் பார்த்தது உண்மை. காரணம்தான் வேறு. மெஷின் குழாயில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது அரை அங்குல லைனிலும் முக்கால் அங்குல லைனிலும் ஒரே அளவுதான் காட்டும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும்தான் வித்தியாசம் வரும். ஓடும் தண்ணீர் குழாய்ச் சுவரில் உரசி அழுத்தத்தை இழக்கிறது. அதே அளவு தண்ணீர் ஓடும்போது, அரை அங்குலத்தை முக்கால் ஆக்கினால் அந்த இழப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெரிய குழாய் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதை வீணாக்காமல் கொண்டுவந்து சேர்க்கிறது.

கோவை: வாடிக்கையாளருக்குத் தண்ணீர் வந்தால் சரி. உண்டாக்குகிறதோ சேர்க்கிறதோ, பேச்சில்தான் வித்தியாசம்.

இல்லை, செலவில் வித்தியாசம். லைன் நீளமாக, பல எல்போ வளைவுகளோடு, உப்புப் பிடித்த பழைய இரும்புக் குழாயாக இருந்தால் நீங்கள் சொல்வதே சரியான வைத்தியம், நானும் அதையே செய்யச் சொல்வேன். ஆனால் சென்னைக்காரர் போல டேங்குக்கு நேர் கீழே, குட்டையான லைன் உள்ள வீட்டில் உராய்வில் போவது கொஞ்சம்தான். அங்கே சுவரை உடைத்துக் குழாய் மாற்றினாலும் 10 அடி 10 அடிதான். எந்த வீட்டில் எது குறை என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் குழாயை மாற்றக் கூடாது.

தஞ்சாவூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1000 லிட்டரில் எடை இரண்டு மடங்கு. அந்த எடை தண்ணீரைத் தள்ளாதா?

அந்த எடையைத் தாங்குவது டேங்கின் அடித்தளம் முழுவதும். குழாயின் வாய்க்கு மேலே நிற்கிற தண்ணீர் மட்டும்தான் குழாயைத் தள்ளுகிறது. ஒரே மட்டத்துக்கு நிரப்பினால் குடத்தின் அடியிலும் அண்டாவின் அடியிலும் அழுத்தம் ஒன்றுதான். 1000 லிட்டர் டேங்க் உயரமாகவும் இருந்தால் அந்த ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்கான லாபம் கிடைக்கும், நிறைந்திருக்கும்வரை.

திருச்சி: அப்படியானால் டேங்க் மாற்றும் காசில் மேடையை உயர்த்தலாமா?

தாராளமாக. 4 அடி உயர்த்தினால் 0.12 பார். விளிம்பில் நிற்கும் மெஷினுக்கு அது பெரிது. ஆனால் 500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன் எடை. கொத்தனாரிடம் தளம் தாங்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. மெஷினுக்கு முன்னால ஒரு ஃபில்டர் பூட்டினோம். இப்ப தண்ணி வருகுதில்லை.

அந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு பக்கெட் சோதனை செய்யுங்கள். உள்ளே இருக்கும் உருண்டைகள் பெரும்பாலும் பாலிபாஸ்பேட். தண்ணீரின் கடினத்தை அது எடுப்பதில்லை, சுண்ணாம்பு ஒட்டிக்கொள்வதை மட்டும் தடுக்கிறது. அதைப் போடுவது நல்லதுதான், ஆனால் மண் சேர்ந்தால் அதுவே அடைப்பு. தாங்கி (டேங்க்) தண்ணீரின் அழுத்தம் ஏற்கெனவே குறைவு என்பதால் கொஞ்சம் அடைத்தாலும் தெரியும். உருண்டை கரைந்து சிறுத்திருந்தால் மாற்றுங்கள், கூட்டைக் கழுவுங்கள். மெஷின் வலையையும் பாருங்கள், அதைக் கழற்றி எறிய வேண்டாம்.

ஈரோடு: தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, என்ன செய்யலாம்?

பக்கெட்டில் எத்தனை லிட்டர்?

திருநெல்வேலி: தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, நிறையவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் ஆனாலும் துவைக்கத் தொடங்கவில்லை. பக்கெட்டில் 12 லிட்டர்.

நல்ல கேள்வி. ஏறுகிற தண்ணீர் அப்படியே வெளியே போகிறது. கழிவு ஹோஸ் எங்கே கிடக்கிறது? பம்ப் வைத்த மெஷினில் (ஃப்ரண்ட் லோடு எல்லாம் இந்த வகைதான்) ஹோஸைப் பாத்ரூம் தரையில் போட்டால், தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு ஓடிவிடும். ஹோஸின் வளைவு தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல், சுமார் மூன்று அடி வரை இருக்க வேண்டும். அடியில் வடிகால் வால்வு உள்ள டாப் லோடு என்றால் ஹோஸ் தரையில் கிடப்பதுதான் முறை. அதில் ஹேர்பின், நாணயம், பட்டன் ஏதாவது வால்வில் சிக்கி மூடாமல் இருக்கும். தண்ணீர் ஏறும்போது கழிவு ஹோஸின் நுனியைப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

வேலூர்: ஃப்ரண்ட் லோடு புதிதாக வாங்கினோம். கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை.

துணி நனைகிறதா? நனைந்தால் சரியாக ஓடுகிறது. அந்த வகை குறைந்த தண்ணீரில்தான் துவைக்கும்.

மதுரை: பக்கெட்டில் 10 லிட்டர், வலையும் சுத்தம். ‘ம்ம்’ என்று சத்தம் வருகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சத்தம் வருவதால் வால்வுக்கு மின்சாரம் போகிறது. உள்ளே ஊசி சிக்கியிருக்கிறது, அல்லது ரப்பர் தட்டு கிழிந்திருக்கிறது. வால்வை மாற்றுங்கள். சத்தமே வராவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பிளக் பிடுங்கிய நிலையில் வால்வின் கம்பிச் சுருளை (காயில்) மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 230 வோல்ட் வால்வு என்றால் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும். காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. காயில் நன்றாக இருந்தும் மின்சாரம் வரவில்லை என்றால், டப்பிலிருந்து, தண்ணீர் மட்டத்தை அறியும் பிரஷர் சென்சாருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைப் பாருங்கள். அதில் அழுக்கு அடைத்தால், டப் நிறைந்திருக்கிறது என்று மெஷின் எண்ணித் தண்ணீரே கேட்காது. போர்டைப் பற்றிப் பேச வேண்டியது இதற்கெல்லாம் பிறகுதான்.

விழுப்புரம்: டேங்க் கழுவிய நாளிலிருந்து மெஷினில் தண்ணீர் வரவில்லை.

வலை. சேலத்துக்குச் சொன்ன பதில். சமையலறைக் குழாயிலும் வரவில்லை என்றால் லைனில் ஏர் லாக், அதாவது காற்று அடைத்திருக்கிறது. கீழ்க்குழாயை எல்லாம் திறந்துவிட்டு, டேங்க் நிறைந்திருக்கும்போது காற்றை வெளியேற்றுங்கள்.

நாகர்கோவில்: வலையை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கலாமா?

கூடாது. இன்று மூன்றாவது முறை சொல்கிறேன், கழுவுவதைத் தவிர வலையில் வேறு கை வைக்காதீர்கள். கிழிந்திருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள், வால்வின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

ஈரோடு: பக்கெட்டில் 3 லிட்டர். ஆனால் குழாயை முக்கால்வாசிதான் திறக்க முடிகிறது, அதற்கு மேல் திரும்பவில்லை.

அந்தக் குழாயை (ஆங்கிள் காக்) மாற்றுங்கள். மாற்றிய பிறகு திரும்பவும் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். மெஷினை அதுவரை திறக்க வேண்டாம்.