அலுமினிய பிராக்கெட்டில் டி.ஐ.சி. அளவும் சிமுலேஷனும் ஒத்துப்போகவில்லை. எது தப்பு?

கேட்டவர் சொல்வது இது: பெங்களூரு பீன்யாவில் ஒரு சோதனை. 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் செய்த பிராக்கெட், நடுவில் 10 மி.மீ. துளை, ஒரு முனையை ஃபிக்ஸ்சரில் போல்ட் போட்டு மறுமுனையை இழுக்கிறார்கள். துளை விளிம்பில் சிமுலேஷன் சொல்லும் ஸ்ட்ரெயினில் (நீளத்துக்கு எவ்வளவு நீட்சி என்ற விகிதம்) மூன்றில் இரண்டு பங்குதான் டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷனில் (டி.ஐ.சி., பரப்பில் தூவிய புள்ளிகள் நகர்வதைக் கேமராவில் படமெடுத்து அளக்கும் முறை) தெரிகிறது. இழுக்கும் முனையின் நகர்வோ டி.ஐ.சி.யில் அதிகம்.

இரண்டு பக்கமும் சரியாகவே இருக்கலாம். மாடுலஸை, அதாவது பொருளின் விறைப்பு எண்ணை, கூட்டிக் குறைத்துப் பொருத்திப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். ஒரு எண்ணைச் சரிக்கட்டினால் இன்னொன்று இன்னும் தள்ளிப் போகும். மாடுலஸை ஏற்றினால் நகர்வு மேலும் குறையும், இறக்கினால் துளை ஸ்ட்ரெயின் மேலும் ஏறும்.

துளையை முதலில் பார்ப்போம். நீங்கள் கொடுத்த செட்டிங்: 2448 பிக்சல் அகலத்தில் 100 மி.மீ. தெரிகிறது, அதாவது ஒரு பிக்சல் 0.041 மி.மீ. சப்செட் (படங்களில் ஒப்பிட்டுத் தேடும் சதுரத் துண்டு) 25 பிக்சல், ஸ்டெப் (அளவுப் புள்ளிகளின் இடைவெளி) 8 பிக்சல், ஸ்ட்ரெயின் ஃபில்ட்டர் (ஒரு ஸ்ட்ரெயினுக்குச் சேர்க்கும் புள்ளிகள்) 15 புள்ளி. ஒரு ஸ்ட்ரெயின் மதிப்பைக் கணக்கிட எவ்வளவு பரப்பு சேர்கிறது என்றால், (15−1)×8+25 = 137 பிக்சல், கிட்டத்தட்ட 5.6 மி.மீ. உங்கள் துளையின் ஆரமே 5 மி.மீ.தான்! அந்த அகலத்துக்குச் சராசரி போட்டபின் உச்சம் எங்கே மிஞ்சும்?

விளிம்பிலும் இழப்பு உண்டு. சப்செட்டின் நடுப்புள்ளிக்குத்தான் மதிப்பு கிடைக்கும், ஆகவே துளையை ஒட்டி அரை சப்செட், அதாவது 0.5 மி.மீ. பட்டைக்குத் தரவே இல்லை. அகலமான தகட்டில் வட்டத் துளைக்குக் கிர்ஷ் 1898இல் தந்த தீர்வின்படி, விளிம்பில் 3 மடங்காக இருக்கும் ஸ்ட்ரெஸ் (பரப்புக்கு விழும் விசை) அரை மி.மீ. தள்ளினாலே சுமார் 2.4 மடங்குக்கு இறங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று, மிச்சத்தை ஃபில்ட்டர் தின்றிருக்கிறது. சில மென்பொருள்கள் அந்தப் பட்டையை எக்ஸ்ட்ராபொலேட் செய்து வண்ணம் நிரப்பிக் காட்டும். பார்க்க அழகு, எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபில்ட்டரை 5 ஆக்கினால் பரப்பு 57 பிக்சல், 2.3 மி.மீ. ஆகும். ஆனால் நாய்ஸ் ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய, லோடு போடாமல் பத்துப் படம் எடுத்து அதே செட்டிங்கில் ஓட்டி, ஸ்டாண்டர்டு டீவியேஷன் பாருங்கள். அது 100 மைக்ரோஸ்ட்ரெயின் (ஒன்று என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) என்றால், 70 மெகாபாஸ்கலில் 1000 மைக்ரோஸ்ட்ரெயின் காட்டும் அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்கு வெறும் நாய்ஸ்.

நியாயமான ஒப்பீடு வேண்டுமானால் இரண்டையும் ஒரே சல்லடையில் சலிக்க வேண்டும். உங்கள் ஸ்பெக்கிளின் (தகட்டில் தூவிய புள்ளிகள்) ரெஃபரன்ஸ் படத்தையே, அதாவது லோடு இல்லாத படத்தையே எடுத்து, சிமுலேஷனின் நோடு (மெஷ் எனும் வலையின் முடிச்சு) நகர்வுகளை ஒவ்வொரு பிக்சலுக்கும் இன்டர்பொலேட் செய்து படத்தை வளையுங்கள். அந்தப் படத்தை அதே சப்செட், ஸ்டெப், ஃபில்ட்டரில் ஓட்டி, வரும் ஸ்ட்ரெயினை அளந்த ஸ்ட்ரெயினிலிருந்து கழியுங்கள். மேட்ச்ஐடி என்ற டி.ஐ.சி. மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது. இல்லையென்றால் பைத்தானில் க்யூபிக் ஸ்ப்ளைன் போதும். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: வளைந்த படத்தின் பிக்சல் பழைய படத்தில் எங்கிருந்து வந்தது என்ற தலைகீழ் மேப்பிங் வேண்டும். நேராக நகர்வைக் கழித்தால் நகர்வு பெரிதாகும்போது பிழையும் கூடும்.

இனி முனை நகர்வு. மாடலில் போல்ட் துளைகளை "ஃபிக்ஸ்டு" என்று பூட்டியிருப்பீர்கள். நிஜத்தில் ஃபிக்ஸ்சர் தட்டு கொஞ்சம் திரும்பும், போல்ட் இடைவெளியில் நழுவும். ஃபிக்ஸ்சரின் முகத்திலும் ஸ்பெக்கிள் அடியுங்கள், எது எவ்வளவு நகர்ந்தது என்று உடனே தெரிந்துவிடும். போல்ட்டிலிருந்து சில மி.மீ. தள்ளி ஒரு கோட்டில் மாடலை வெட்டி, அங்கே அளந்த நகர்வையே உள்ளீடாகக் கொடுங்கள். ஆனால் அப்படியே கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 0.01 பிக்சல் நாய்ஸ் என்றால் 0.4 மைக்ரான். மெஷ் 1 மி.மீ. என்றால் அடுத்தடுத்த நோடுகளுக்கிடையே 400 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யாக முளைக்கும். குறைந்த படியுள்ள பாலினாமியல் ஒன்றைப் பொருத்திவிட்டுக் கொடுங்கள். இரு முனையிலும் நகர்வையே கொடுத்தால் ரியாக்‌ஷன் ஃபோர்ஸை விசையை அளக்கும் லோடு செல்லோடு ஒப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாடுலஸ் சரியா என்பது சோதிக்கப்படவே இல்லை.

ஒற்றைக் கேமராவில் செய்திருந்தால் இவ்வளவும் வீண். 1 மீட்டர் தூரத்தில் தகடு கேமராவை நோக்கி 0.5 மி.மீ. வந்தாலே 500 மைக்ரோஸ்ட்ரெயின் போலியாக வரும். இரட்டைக் கேமராதான்.

ஸ்பெக்கிள் 3 முதல் 5 பிக்சல், உங்களுக்கு 0.12–0.2 மி.மீ. மேட் வெள்ளை மேல் கறுப்பு ஸ்ப்ரே தூவலாம். நாசிலிலிருந்து முதலில் வருபவை பெரிய துளிகள், ஆகவே பீஸுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி அப்புறம் உள்ளே கொண்டுவாருங்கள். கேமராவை ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடு நிலைத்தபின் காலிபரேட் செய்யுங்கள். மலிவு எல்.இ.டி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். எக்ஸ்போஷரை 10 மில்லிசெகண்டின் மடங்காக வையுங்கள், அல்லது டி.சி.யில் ஓடும் விளக்கு. பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் அடித்தால் அந்த இடைவேளைக்குக் காத்திருப்பதே நல்லது. இரண்டு கேமராவும் ஒரே பாரில் இருந்தாலும் அதிர்வு தப்பாது.

ஸ்ட்ரெயினை எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுவது என்ற வித்தியாசம் உங்கள் வழக்கில் காரணமில்லை. 10% ஸ்ட்ரெயினில் லாகரிதமிக் 0.095, கிரீன் 0.105 என்று விலகும், 0.3%இல் கண்ணுக்கே தெரியாது. தகட்டை நடுத்தளமாக மட்டும் வரையும் ஷெல் எலிமென்ட் என்றால் மட்டும், நடுத்தளத்தை விட்டுக் கேமரா பார்க்கும் முகத்தின் மதிப்பை எடுத்தீர்களா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கழித்த படத்தில் இடது வலது பேதம் இருந்தால் லோடு மையத்தில் விழவில்லை. எங்கும் ஒரே விகிதத்தில் சிமுலேஷன் ஸ்ட்ரெயின் குறைவாக இருந்தால் மாடுலஸைத் தொடும் முன் தகட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வரைபடத்தில் 8 மி.மீ. என்று போட்டது 7.75 இருந்தால் அதுவே 3%.